மாகாணிக் காசு: பாங்காக்கில் ஐந்து நாள்

முதல் நாள், செவ்வாய்

சட்டைப்பையில் ஒரு பீங்கான் வில்லை கிடக்கிறது. அதற்காகத்தான் வந்தேன் என்று குடியேற்றப் பிரிவில் சொல்லியிருந்தால் என்னைத் தனியாக உட்கார வைத்திருப்பார்கள். "டூரிஸ்ட்" என்றேன். முத்திரை விழுந்தது.

மூன்று வருடத்துக்கு முன் சென்னையில் ஒரு நாணயக் கண்காட்சி. ஓரத்து மேசையில் பிளாஸ்டிக் டப்பா நிறையக் கண்டதும் கிடந்தது: பித்தளை டோக்கன், பழைய பஸ் பாஸ், உடைந்த கைக்கடிகாரம். அதற்குள் இது. "மக்காவ் கேசினோ சில்லு சார், நூறு வருஷத்துக்கு மேலே" என்றார் வியாபாரி. அறுநூறு ரூபாய். பேரம் பேசாமல் வாங்கினேன். பேரம் பேச மனம் வராத பொருளை வாங்கக் கூடாது என்று என் அப்பா சொல்வார். அவர் பேச்சை நான் எப்போது கேட்டேன்.

ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம். மூன்று நாணயத்தை அடுக்கினால் வரும் கனம். விளிம்பு வட்டமாக இல்லாமல் எட்டு இதழாக நெளிந்திருக்கும். வெள்ளைப் பீங்கான், ஒரு பக்கம் புடைப்பாக இரண்டு சீன எழுத்து, மேலே நீலம் பூசியது. மறுபக்கமும் இரண்டு எழுத்து, அவை பச்சையில். நகத்தால் தட்டினால் ஜாடி மூடி மாதிரி 'டிங்' என்கிறது. ஓர் இதழின் நுனி உடைந்திருக்கிறது. உடைந்த இடத்திலும் அழுக்கு ஏறிப் பழுப்பாகிவிட்டதால் உடைந்தது நேற்று முந்தாநாள் இல்லை என்று தெரிகிறது.

மக்காவ் சில்லுகளின் படங்களை ஒரு வருடம் புரட்டினேன். ஒன்றுகூட இதன் ஜாடையில் இல்லை. அப்புறம் வேறெதையோ தேடும்போது சியாம், அதாவது பழைய தாய்லாந்து, நாட்டு நாணயப் பட்டியல் ஒன்றில் இதன் அண்ணன் தம்பிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தேன். எண்கோணம், பூ, மீன், வண்ணத்துப்பூச்சி, எல்லாம் பீங்கான். ராம்ஸ்டன் என்ற நாணய ஆய்வாளர் 1911-லேயே இவற்றுக்கென்று ஒரு புத்தகம் எழுதி யோகோஹாமாவில் அச்சிட்டிருக்கிறார். மக்காவ் இல்லை, பாங்காக். 19-ஆம் நூற்றாண்டில் இங்கே இருந்த சூதாட்ட விடுதிகளில் பணத்துக்குப் பதில் மேசையில் வைத்த காய் இது.

தாய்லாந்து மொழியில் இதன் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். 'பீ'. நெடிலேதான். தமிழ்நாட்டில் பிறந்த ஒருவன் கடை கடையாக ஏறி "பீ இருக்கா?" என்று கேட்கும் அவலத்தை நினைத்துப் பாருங்கள். இந்தக் குறிப்புகளில் பிக்காசு என்று எழுதுகிறேன். ஓவியர் ஞாபகம் வந்தால் வரட்டும், பரவாயில்லை.

பையை அறையில் போட்டுவிட்டு நேராக தேசிய அருங்காட்சியகத்துக்கு நடந்தேன். மூடியிருந்தது. திங்களும் செவ்வாயும் விடுமுறை என்று வாசலில் எழுதியிருக்கிறது. மூன்று வருடம் ஆராய்ச்சி செய்தவன் இதைப் பார்க்கவில்லை.

பக்கத்திலேயே தா பிரா சான் படித்துறை. அங்கே தாயத்துச் சந்தை பிரசித்தம். தாயத்து என்றால் நம்மூர் வெள்ளிக் குப்பி இல்லை. களிமண்ணிலும் உலோகத்திலும் செய்த கட்டைவிரல் அளவு புத்தர் சிலைகள். கண்ணில் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஆண்கள் குனிந்தபடி ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். ஆயிரம் வில்லைகளில் ஒன்று உண்மையிலேயே பழையதாக இருந்துவிட்டால் வீடு வாங்கலாம் என்ற நம்பிக்கை. சூதாட்டத்தை ஆராய வந்தவனுக்கு நல்ல முன்னுரை.

ஒரு தள்ளுவண்டித் தட்டில் மீன் வடிவப் பிக்காசு ஒன்று. 500 பாட் சொல்லி 300-க்கு வந்தார். இந்த முறை பேரம் பேசினேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வாங்கியதைப் பத்துக் கடை தள்ளி ஒரு முதியவரிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் பூதக்கண்ணாடியை எடுக்கக்கூட இல்லை. விரலால் செதிலைத் தடவிவிட்டுத் தன் கைப்பேசித் திரையைத் தொட்டுக் காட்டினார். இரண்டும் ஒரே வழவழப்பு. தலையை ஆட்டினார். சரி, போலி.

அப்புறம் சட்டைப்பையில் இருந்ததை நீட்டினேன். அதற்குக் கண்ணாடி வந்தது. வெளிச்சத்தில் சாய்த்து, எழுத்துகளின் முகட்டைக் காட்டினார். பள்ளத்தில் நீலம் அப்படியே இருக்க, முகட்டில் மட்டும் தேய்ந்து வெள்ளை தெரிகிறது. மூன்று வருடமாக நான் அதைக் கவனித்ததில்லை. அரைகுறை ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை சொன்னார்: "மார்க்கெட்." சந்தையைக் கைகாட்டி மறுபடியும், "மார்க்கெட். நோ கேசினோ."

கேசினோச் சில்லைப் பார்த்து கேசினோ இல்லை என்கிறாரே என்று குழம்பியபடி படகேறினேன்.

இரண்டாம் நாள், புதன்

அருங்காட்சியகம் திறந்திருந்தது. 1782-ல் துணை அரசருக்காகக் கட்டிய முன் அரண்மனை இது. அகலமான முற்றங்கள், மரத்தூண், பூனைகள். பொன் பூசிய மரத்தேர்களையெல்லாம் வேகமாகத் தாண்டிப் போனேன், மன்னிக்கவும்.

நான் தேடிப்போனது போத் துவாங் என்ற பழைய வெள்ளிக் காசை. படத்தில் பார்ப்பது வேறு, நேரில் பார்ப்பது வேறு. வெள்ளிக் கம்பியை வளைத்து இரண்டு முனையையும் உள்பக்கமாக அடித்து மடக்கியிருப்பார்கள். சுருண்டு படுத்த மரவட்டை மாதிரி இருக்கும். மேலே சக்கரமும் அரசர் சின்னமும் முத்திரையாக. ஒரு பாட் காசின் எடை 15.2 கிராம், இரண்டு சவரனுக்குக் கொஞ்சம் குறைவு. பல நூற்றாண்டு இதுதான் காசு. 1860-ல் இயந்திரத்தில் அடித்த தட்டைக் காசு வந்த பிறகும் இது ஓடிக்கொண்டிருந்தது, 1904-ல்தான் செல்லாது என்று அறிவித்தார்கள்.

இதை எதற்குப் பார்க்க வேண்டும் என்றால், பிக்காசு பிறந்ததற்கு இங்கே எல்லோரும் சொல்லும் காரணம் இந்தக் காசின் வடிவம்தான். உருண்டையான காசைப் பாயில் பந்தயமாக வைத்தால் உருளும். ஒன்றாம் கட்டத்தில் வைத்தது இரண்டாம் கட்டத்துக்கு ஓடினால் அடிதடிதான். விடுதிக்காரர்கள் தட்டையான காய்களைச் சீனாவிலிருந்து பீங்கானில் செய்து வரவழைத்தார்கள். பித்தளை, ஈயம், கண்ணாடியிலும் உண்டு. ஆனால் பீங்கான்தான் அதிகம்.

ஆட்டத்தின் பெயர் துவா. விடுதிக்காரன் ஒரு குவியல் சோழியைக் கிண்ணத்தால் மூடிவைப்பான். பந்தயம் கட்டி முடித்ததும் கிண்ணத்தைத் தூக்கி, குச்சியால் நாலு நாலாகத் தள்ளிக்கொண்டே வருவான். கடைசியில் மிஞ்சுவது ஒன்றா, இரண்டா, மூன்றா, நாலா என்பதுதான் போட்டி. நம்ம வீட்டுத் திண்ணையில் புளியங்கொட்டையைக் கைக்குள் மூடி ஒத்தையா ரெட்டையா கேட்பதற்குக் கொஞ்சம் பெரிய அண்ணன், அவ்வளவுதான். வீடும் வாசலும் மனைவி நகையும் போனது இந்த நாலின் மிச்சத்தில்.

அந்தச் சோழி வெறும் ஆட்டக்காய் இல்லை, காசும் அதுவே. மாலத்தீவுக் கடலிலிருந்து வங்காளம், சியாம் என்று எங்கெங்கோ போன அதே சோழி. நம் சித்த வைத்தியர்கள் பலகறை என்று பற்பம் செய்வார்களே, அது. இங்கே ஒரு பாட்டுக்கு 6,400 சோழி. தாய்லாந்து மொழியில் சோழிக்குப் பெயர் பியா. காசாக அது செத்து 150 வருடத்துக்கு மேல் ஆகியும் பேச்சில் சாகவில்லை. வட்டிக்கு இன்றைக்கும் தோக் பியா என்கிறார்கள், சோழிப்பூ என்று பொருள். முதல் பூத்தால் வட்டி! அலுவலகப் பயணத்துக்குக் கொடுக்கும் தினப்படிக்கு பியா லியங் என்று பெயர். அதைக் கேட்டதும் சிரித்துவிட்டேன். நாம் நெல் அளந்த படியைப் பயணப்படி, பஞ்சப்படி என்று சம்பளச் சீட்டில் இன்னும் வைத்திருக்கிறோம், இவர்கள் சோழியை வைத்திருக்கிறார்கள்.

'பீ' என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு, அது கொஞ்சம் உறைத்தது. சியாமுக்குப் பிழைக்க வந்த சீன ஆண்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை தலைவரி கட்ட வேண்டும். கட்டியதற்கு அடையாளமாக மணிக்கட்டில் ஒரு கயிறு, முடிச்சில் அரக்கு முத்திரை. அந்த அடையாளத்துக்கும் இதே பெயர். பகலெல்லாம் மூட்டை தூக்கியவன், கையில் ஒரு 'பீ' கட்டிக்கொண்டு இன்னொரு 'பீ'யைப் பாயில் வைத்திருப்பான்.

சாயங்காலம் சீலோம் சாலையில் மாரியம்மன் கோவில். 19-ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த தமிழர்கள் கட்டியது. கோபுரம் அச்சு அசல் நம்மூர். உள்ளே பெரும்பாலும் தாய்லாந்துக்காரர்கள், தட்டில் பழமும் சாமந்தியும் வைத்து மண்டியிட்டு வேண்டுகிறார்கள். ஊர்க்காரர்கள் வைத்த பெயர் வாத் கேக். கேக் என்றால் விருந்தாளி, நம்மைப் போன்றவர்களைப் பொதுவாகச் சுட்டும் சொல்லும் அதுவே. எழுத இன்னும் இருக்கிறது, கால் வலி விடவில்லை.

மூன்றாம் நாள், வியாழன்

இன்றைக்கு வங்கி. தேவேத் படித்துறையில் இறங்கி, எட்டாம் ராமர் பாலம் பக்கமாக நடந்தால் தாய்லாந்து மத்திய வங்கியின் கற்றல் மையம். 1969-லிருந்து ரூபாய் நோட்டு, அதாவது பாட் நோட்டு, அச்சடித்த தொழிற்கூடம். 2018-ல் நூலகமும் அருங்காட்சியகமுமாக மாற்றித் திறந்திருக்கிறார்கள். பணம் அச்சடித்த கூடத்தில் கல்லூரிப் பிள்ளைகள் மடிக்கணினியை வைத்துக்கொண்டு தூங்குகிறார்கள்.

பாதுகாப்புப் பெட்டக அறைகளில்தான் காட்சிப் பொருள்கள். கனமான இரும்புக் கதவு. உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கைப்பிடி பிக்காசுகள். என் சட்டைப்பைக்காரனின் சொந்தக்காரர்கள் ஒரு நாட்டு மத்திய வங்கியின் பெட்டகத்துக்குள் எப்படி வந்தார்கள்? நேற்று முன்தினம் அந்தப் பெரியவர் சொன்ன "மார்க்கெட்" இங்கேதான் புரிந்தது.

கணக்கு இது. ஒரு பாட்டுக்கு 4 சலுங். அதுவே 8 ஃபுவாங், 32 பாய், 64 அட், 128 சொலோட், 6,400 சோழி. அன்றாடம் புழங்கிய வெள்ளிக் காசு பெரும்பாலும் ஃபுவாங் அளவோடு நின்றுவிடும். அதற்குக் கீழே பெரும்பாலும் சோழிதான். ஒரு ஃபுவாங்குக்கு 800 சோழி. மீன் வாங்கப் போகிறவள் எவ்வளவுதான் சோழி சுமப்பாள்? அந்த இடைவெளியில் சூதாட்ட விடுதியின் பீங்கான் காய் நுழைந்துவிட்டது. காயைக் கொண்டுபோனால் விடுதிக்காரன் வெள்ளியாக மாற்றிக் கொடுப்பான் என்பது ஊருக்கே தெரியும். அப்படியிருக்க மீன்காரி ஏன் வாங்க மாட்டாள்? மீன்காரி வாங்கினால் கருவாட்டுக்காரன் வாங்குவான், அவனிடமிருந்து படகுக்காரன். ஆடாதவன் கையிலும் காய் ஏறிவிட்டது.

விடுதி என்றால் ஏதோ ஒளிந்து மறைந்து நடத்தியது இல்லை. நம்மூரில் கள்ளுக்கடை ஏலம் விட்ட மாதிரி, அரசே குத்தகைக்கு விட்டது. அதிகம் கேட்டவருக்கு அந்த வட்டாரத்துச் சூதாட்ட உரிமை. எடுத்தவர்கள் பெரும்பாலும் சீன வணிகர்கள். குத்தகைக்காரர் தன் கடைப் பெயரை ஒரு பக்கமும் மதிப்பை மறுபக்கமும் போட்டுக் காய் செய்துகொள்வார். பாங்காக்கில் ஒரு காலத்தில் சிறிதும் பெரிதுமாக 400-க்கு மேல் விடுதிகள். கூட்டம் சேர்க்க வாசலில் சீனக் கூத்து, தாய்லாந்து நாடகம். கூத்துப் பார்க்க வந்தவன் உள்ளே எட்டிப் பார்ப்பான்.

இப்படி நானூறு பேர் தனித்தனியாகக் காசு வெளியிட்டால் என்ன ஆகும்? கள்ளக் காய் வரும். வந்தால் விடுதிக்காரன் தெருவில் ஆளைவிட்டுச் சேகண்டி அடித்துச் சொல்லுவான்: இந்த வடிவக் காய் இனிச் செல்லாது, இன்ன நாளுக்குள் கொண்டுவந்து மாற்றிக்கொள். நாள் கடந்தால் உன் கையில் இருப்பது வெறும் ஓடு. பிறகு சீனாவிலிருந்து புது வடிவத்தில் புதுச் சரக்கு வரும். பட்டியலில் மீனும் நண்டும் பூவுமாக ஆயிரக்கணக்கில் வகை இருப்பது இதனால்தான். அழகுணர்ச்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கள்ளக்காசுப் பயம். நம் காலத்தில் ஒரு ராத்திரி எட்டு மணிக்குத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து சேகண்டிச் சத்தம் கேட்டவர்கள் நாமெல்லாம், அதனால் இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

அரசுக்கு இது பிடிக்குமா? 1862-ல் சோழிக்குப் பதிலாக வெள்ளீயத்தில் அட், சொலோட் காசுகள் வந்தன, அடுத்து செம்பு. செம்புக் காசுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பிக்காசு மறுபடி தலைதூக்கியது. 1874-ல் அரசர் சூலாலங்கோர்ன், அப்போது அவருக்கு வயது இருபது, ஓர் அட் மதிப்புக்குக் காகிதச் சீட்டே அச்சிட்டார். ஒரு பாட்டில் அறுபத்துநாலில் ஒரு பங்குக்கு ஒரு நோட்டு! சூதாட்டக் காயோடு சில்லறைக்குப் போட்டி போட வேண்டியிருந்தது ஓர் அரசாங்கத்துக்கு. செம்புக் காசை இங்கிலாந்திலிருந்து அடித்து வரவழைத்து, 1875-ல் பிக்காசை வெளியே காசாகப் புழங்குவதைத் தடைசெய்தார்கள். மேசையில் காய் இருந்துகொள்ளட்டும், மீன்கடையில் கூடாது.

ஆக, என் வில்லையின் முகடு தேய்ந்தது பாயில் இல்லை, இடுப்பு முடிச்சில். பெட்டகத்துக்குள் நின்று அதை வெளியே எடுத்து மறுபடி பார்த்தேன். காவலர் ஓடிவந்தார். காட்சிப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார். கண்ணாடி உடையவில்லை என்று அவரே குனிந்து பார்த்துத் திருப்தியான பிறகுதான் விட்டார். சென்னை ரசீதைப் பையில் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. இந்த நாட்டிலிருந்து பழம்பொருளை வெளியே கொண்டுபோக நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும், அதற்காக எடுத்துவந்த ரசீது.

நான்காம் நாள், வெள்ளி

மதிப்புப் பக்கத்து எழுத்தைப் படிக்க ஆள் வேண்டும். அதற்காக தலாத் நோய் என்ற பகுதிக்குப் போனேன்.

ஹுவா லம்போங் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தால் ஆற்றோரம் போகும் பழைய சீனக் குடியிருப்பு. சந்து முழுக்கப் பழைய வண்டி எஞ்சின்கள், பல்சக்கரங்கள், கருப்பு எண்ணெய் வழிய மலையாகக் குவிந்திருக்கின்றன. புதுப்பேட்டையில் ஒரு கோவிலை வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. அந்த மலைகளுக்கு நடுவே சுவர் ஓவியத்துக்கு முன்னால் இளைஞர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

முதலில் சோ ஹெங் தாய் மாளிகை. நடுவில் முற்றம் விட்டு நாலு பக்கமும் கட்டிய ஹொக்கியன் (தென்சீன) பாணி வீடு, இருநூறு வருடத்துக்கு மேல் பழசு. கட்டியவர் பறவைக்கூட்டுக் குத்தகைக்காரர். சீனர்கள் சூப் வைக்கும் அந்த உழவாரன் கூட்டைத் தீவுகளில் சேகரிக்கும் வரியைக் குத்தகை எடுத்தவர். சூதாட்டக் குத்தகை இல்லைதான். ஆனால் குத்தகை எடுத்தால் எப்படி வாழலாம் என்பது தேக்குப் படியில் கால் வைத்ததுமே தெரிகிறது. இப்போது முற்றத்தில் ஆழமான நீச்சல் குளம் வெட்டி, முதுகில் காற்று உருளையோடு கடலடி நீச்சல் கற்றுக்கொடுக்கிறார்கள். நான் எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டிருந்தபோது முன்னோர் பலிபீடத்துக்கு நேர் எதிரே தண்ணீரிலிருந்து கறுப்புத் தலை ஒன்று எழுந்து மூச்சு வாங்கியது.

படிக்கத் தெரிந்தவர் கிடைத்தது அங்கே இல்லை, இரண்டு சந்து தள்ளி ஒரு தேநீர்த்தூள் கடையில். எண்பதைத் தாண்டிய தாத்தா, தேவ்ச்சூ பேசும் சீனர், பாங்காக் சீனர்களில் அவர்கள்தான் பெரும்பான்மை. பேத்தி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாள். பெரியவர் வில்லையைக் கையில் வாங்கி முதலில் எடை பார்த்தார், அப்புறம்தான் எழுத்து. கடைப்பெயர்ப் பக்கம் சுலபம்: ஒற்றுமை, செழிப்பு என்று அர்த்தம் வரும் இரண்டு எழுத்து. நம்மூரில் ஸ்ரீ லட்சுமி ஸ்டோர்ஸ் மாதிரி, தெருவுக்கு நாலு இருக்கும் பெயர் என்று பேத்தி சொன்னபோது கொஞ்சம் நெஞ்சு இறங்கியது. இத்தனை தூரம் வந்தது ஏதோ ஒரு லட்சுமி ஸ்டோர்ஸுக்காகவா.

மறுபக்கத்தைத் திருப்பினார். புருவம் சுருங்கியது. உதட்டை அசைத்து அசைத்துப் பார்த்தார். சட்டென்று தொடையைத் தட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. பேத்திக்கு விளக்கி, அவளும் சிரித்து, கடைசியில்தான் என் முறை வந்தது. முதல் எழுத்து சோங் அரச மரபைக் குறிக்கும் எழுத்து. இரண்டாவது, கிளை, பிரிவு என்று அர்த்தம் வருவது. சேர்த்தால் சீனத்தில் ஒரு அர்த்தமும் இல்லை. ஆனால் வாய்விட்டு உச்சரித்தால் 'சோங் பாய்'. சோங் என்றால் தாய்லாந்து மொழியில் இரண்டு. இரண்டு பாய்! சீன எழுத்தில் எழுதிய தாய்லாந்து மொழி. தங்லிஷ் தட்டச்சு செய்யும் நாம் கண்டுபிடித்ததாக நினைப்பதை, சீனச் சூளைக்கு ஆர்டர் கொடுத்த ஒரு குத்தகைக்காரர் அப்போதே செய்துவிட்டார்.

உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போட்டேன். பாட்டுக்கு 32 பாய் என்றால் இரண்டு பாய் பதினாறில் ஒன்று. நானூறு சோழி. பதினாறில் ஒன்றுக்குத் தமிழில் தனிப் பெயரே இருக்கிறது, மாகாணி. என் பாட்டி முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி என்று இறங்குவாள், பள்ளிக்கூடம் போகாதவள். அவளிடம் கொடுத்திருந்தால் எழுத்துத் தெரியாமலேயே முடிச்சில் போட்டுக்கொண்டு சரியான சில்லறை கேட்டிருப்பாள்.

தாத்தா ஒரு தேநீர் ஊற்றினார். அவர் அப்பா காலத்தில்கூட விடுதி கிடையாதா என்று கேட்டேன். அப்பா சின்னப் பையனாக இருந்தபோது மூடிவிட்டார்களாம். தேதி சரியாகத்தான் பொருந்துகிறது. வருமானத்தை ஒரேயடியாக விட மனமில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, 1917 ஏப்ரலில் கடைசி விடுதிகளையும் மூடினார்கள். லாட்டரி அதற்கு முந்தைய வருடமே போய்விட்டது.

அந்த லாட்டரி பிறந்த இடத்தையும் பார்த்துவிடலாம் என்று சம்பெங் சந்து வழியாக மேற்கே நடந்தேன். நடந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. ரங்கநாதன் தெருவைப் பாதி அகலமாக்கி அதில் மோட்டார் சைக்கிளும் விட்டால் சம்பெங். சந்தின் மறுமுனையில் சபான் ஹான் பாலம். 1830-களின் தொடக்கத்தில் வெள்ளமும் அரிசிப் பஞ்சமும் வந்து, மக்கள் காசை ஜாடியில் போட்டு மண்ணில் புதைத்துவிட்டார்களாம். வெளியே கொண்டுவர என்ன வழி என்று அரசர் மூன்றாம் ராமர் கவலைப்பட்டபோது, சாராயக் குத்தகைக்காரரான ஹோங் என்ற சீன வணிகர், சீனாவில் உள்ள மாதிரி ஒரு லாட்டரி வைத்தால் புதைத்தது தானாக மேலே வரும் என்றாராம். 1835-ல் தொடங்கியது. காசு மேலே வந்தது, வந்த வேகத்தில் ஹோங்கிடம் போனது. வரலாற்றாசிரியரான இளவரசர் தம்ரோங் எழுதிவைத்திருக்கிறார் இதை.

இப்போது பாலத்துக்குக் கீழே ஓங் ஆங் கால்வாயைச் சுத்தம் செய்து நடைபாதை போட்டிருக்கிறார்கள். பாலத்தின் மேல் ஒரு பெண் மரத்தட்டில் அரசு லாட்டரிச் சீட்டுகளை விரித்துவைத்து விற்றுக்கொண்டிருந்தாள். ஒன்றாம் தேதியும் பதினாறாம் தேதியும் குலுக்கல். நான் வாங்கவில்லை. மீன் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது.

ஐந்தாம் நாள், சனி

மதியம் விமானம். காலையில் வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

தங்கியிருந்த விடுதி வரவேற்பறையில் சீட்டுக்கட்டு ஒன்று கிடந்தது. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரர், நாலு கட்டு வைத்திருந்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். உண்மைதான். சட்டப்படி அனுமதி இல்லாமல் 120 சீட்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. 2016-ல் பட்டாயாவில் பிரிட்ஜ் ஆடிக்கொண்டிருந்த 32 வெளிநாட்டவரை, பெரும்பாலும் வயதானவர்கள், இந்தச் சட்டத்தில் பிடித்தார்கள். இன்னொரு பக்கம், கேசினோவை அனுமதிக்க 2025-ல் ஒரு மசோதா கொண்டுவந்து எதிர்ப்பு வலுக்கவே அதே வருடம் திரும்பப் பெற்றது அரசு. நானூறு விடுதிக்குக் குத்தகை விட்ட ஊர். 1917-ல் மூடிய கதவை எப்போது எவ்வளவு திறப்பது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

விமான நிலையச் சோதனையில் சாவி, சில்லறை, பெல்ட்டைத் தட்டில் போட்டேன். வில்லை சட்டைப்பையிலேயே இருந்தது. பீங்கானுக்கு எந்திரம் கத்தவில்லை.

வாயிலில் உட்கார்ந்து சேகரிப்பு நோட்டைத் திறந்தேன். மூன்று வருடத்துக்கு முன் எழுதியது: "மக்காவ் கேசினோ சில்லு, ரூ. 600." குறுக்கே கோடு போட்டுவிட்டுக் கீழே எழுதினேன்:

"சியாம், பிக்காசு. பீங்கான், எட்டிதழ். மதிப்பு இரண்டு பாய், நம் கணக்கில் மாகாணி. கடைப்பெயர்: ஒற்றுமை, செழிப்பு. 1875 தடைக்கு முன் சந்தையில் புழங்கித் தேய்ந்தது. ஓர் இதழ் உடைசல்."

அடுத்த வரியில்:

"மீன். தா பிரா சான், 300 பாட். போலி. பேரம் பேசி வாங்கியது."